தோட்டா போடப் போட குரூப் நகர்கிறது – வீட்டில் எப்படிப் பழகுவது?

காங்கேயத்தான்:
வணக்கமுங்க. கோயமுத்தூரில் ஒரு கிளப்பில் ஏர் ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்தவன், இப்போது கோச் என்னை 50 மீட்டர் ப்ரோனுக்கு, அதாவது படுத்துக்கொண்டு சுடுவதற்கு, மாற்றிவிட்டிருக்கிறார். பாயின்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்), போல்ட் என்கிற பின்தாழைக் கையால் திறந்து மூடி ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ரைஃபிள், கிளப்புக்குச் சொந்தமானது. படுத்து, இடது கையில் ஸ்லிங் வாரை மாட்டி, செட்டாகி முதலில் போடுகிற ஷாட் நன்றாகத்தான் விழுகிறது. அடுத்தடுத்து தோட்டா போடப் போட குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், கொஞ்சங்கொஞ்சமாக வலது கீழ்ப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. குறி பார்க்கும் சைட்டைத் திருகினால் அந்த நேரத்துக்குச் சரியாகிறது, எழுந்து மறுபடி படுத்தால் இடது மேலே போய்விடுகிறது. கோச்சிடம் கேட்டதற்கு "நீ சுடுறதுல ஒண்ணும் குறையில்ல, லோட் பண்றதுலதான் எல்லாம் போகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த லேனுக்குப் போய்விட்டார். அவர் அப்படித்தான், ஒரு வரிக்கு மேல் பேசமாட்டார்.

என்னிடம் லைசென்ஸ் இல்லை, அதனால் அந்த ரைஃபிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. எண்ணெய் மில் வேலை, ஞாயிறு மட்டும்தான் ரேஞ்ச். வீட்டில் பக்கவாட்டு லீவரைத் திறந்து லோட் செய்கிற மேட்ச் (போட்டி) ஏர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அதை வைத்து லோடிங்கைப் பழக வழி உண்டா? வேக வேகமாகப் போட்டுப் பழகினால் சரியாகிவிடுமா? யூடியூபில் பார்த்தால் எல்லாரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

சிறுவாணித்தண்ணி:
முதலில் வேகத்தை மறந்துவிடுங்க தம்பி. ப்ரோனில் எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 60 ஷாட்டுக்கு 50 நிமிடம். ஒரு ஷாட்டுக்கு 50 விநாடி வருகிறது. நிதானமாகத் தோட்டா போட்டாலும் பத்து விநாடிக்கு மேல் ஆகாது. மீதியெல்லாம் மூச்சும் பார்வையும்தான். காற்றுக்காகக் காத்திருக்கக்கூட நேரம் மிச்சமிருக்கும். நீங்கள் பார்த்த வீடியோக்கள் வேறு விளையாட்டுக்கு எடுத்தவையாக இருக்கும்.

உங்கள் குரூப் நகர்வதற்கு என் கணக்கு இது. படுத்துச் செட்டாகும்போது துப்பாக்கி தானாகவே ஒரு இடத்தைப் பார்த்து நிற்கும், நாம் தள்ளாமல் இழுக்காமல். முதல் ஷாட்டில் அந்த இடம் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் மேலேயே இருக்கிறது. பிறகு போல்ட்டைத் திறக்கிறீர்கள், வலது கை தோட்டாப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் புதிதாக வருகிறவர்கள் முன்னால் தள்ளி, எட்டி எடுக்கிற தூரத்தில் வைத்திருப்பார்கள். எட்டும்போது வலது தோள் போகிறது, தோளோடு நெஞ்சு திரும்புகிறது, இடது முழங்கை பாயில் நூலளவு முன்னே சறுக்குகிறது. முழங்கை முன்னே போனால் குழல் தாழும். திரும்ப வந்து சைட்டில் பார்த்தால் கறுப்பு வட்டம் நடுவில் இல்லை. உடனே என்ன செய்வோம்? கையால் கொண்டுவந்து நடுவில் வைப்போம். பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் டிரிக்கர் விழுகிற நொடியில் கை தளரும், துப்பாக்கி தனக்கு எது இடமோ அங்கே போகப் பார்க்கும். ஒவ்வொரு லோடுக்கும் இன்னொரு நூலளவு. அதுதான் வலது கீழே நகர்கிற குரூப். சைட்டைத் திருகுவது அந்தச் சறுக்கலுக்குப் பட்டுப்புடவை கட்டிவிடுகிற வேலை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. லோட் செய்து, போல்ட்டை மூடி, கன்னத்தை வைத்து, விரல் டிரிக்கர் பக்கம் போகாமல் கண்ணை மூடுங்க. இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்க. வட்டம் எங்கே இருக்கிறதோ அதுதான் உண்மை. விலகியிருந்தால் கையால் தள்ளக் கூடாது, இடது முழங்கையை ஊன்றியபடியே இடுப்பை நகர்த்த வேண்டும். மேலே கீழே என்றால் உடம்பு முழுவதையும் கொஞ்சம் முன்னே பின்னே. இதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் செய்ய முடியாது, ஆனால் வரும் ஞாயிறு பத்து ஷாட் கொண்ட ஒரு சீரிஸ் முழுக்கச் செய்து பாருங்க, எந்த லோடில் கலைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெட்டியை வலது முழங்கையை ஊன்றியபடியே முன்கையை மட்டும் திருப்பினால் விரல் போய்ச் சேருகிற இடத்தில் வையுங்க. உயரமும் முக்கியம், தரையில் கிடந்தால் மணிக்கட்டு தாழ்ந்து தோளை இழுக்கும், ஒரு மரக்கட்டை மேல் தூக்கி வைத்தால் போதும். தோட்டாக்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் எடுத்த தோட்டாவை விரலுக்குள் திருப்ப வேண்டியிருக்காது.

நொய்யல்கரை:
அக்கா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஒன்று. ரைஃபிளின் பின்கட்டையை (பட்) தோளிலிருந்து எடுக்காமலே லோட் செய்ய வேண்டும் என்று நம்ம ஊர்க் கோச்கள் எல்லாரும் ஒரே பாட்டு. கை குட்டையாக இருப்பவனுக்கு அது நடக்காத காரியம். நான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்கட்டையைத் தோளிலிருந்து இறக்கி, லோட் செய்து, மறுபடி ஏற்றுகிறேன். உலக அளவில் சுடுகிறவர்களில் இரண்டு வகையும் உண்டு. இறக்கி ஏற்றுவது தப்பு என்று சொல்வதுதான் தப்பு.

சிறுவாணித்தண்ணி:
நான் இறக்கக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே அண்ணா! இடது முழங்கை நகரக் கூடாது என்றுதான் சொன்னேன். இறக்குவதானால் ஒவ்வொரு முறையும் இறக்குங்க, ஏற்றும்போது பட் அதே குழியில், அதே உயரத்தில் உட்காருகிறதா என்று பாருங்க. ஒன்றுக்கு இறக்கி அடுத்ததுக்கு இறக்காமல் விடுவதுதான் கெடுதல். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தெரியாமலே.

நொய்யல்கரை:
அதுக்கு நான் சண்டைக்கு வரலைங்க. ஒரு ஜாக்கெட்டில் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தான் எங்கள் கிளப் பையன் ஒருவன், பட் எங்கே உட்கார்ந்தது என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார். சிரித்தோம், ஆனால் வேலை செய்தது.

பட்டாளத்தார்:
தம்பிகளா, இந்த வேக விஷயத்துக்கு ஒரு சேதி. முதல் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் காலாட்படையில் ஒரு பயிற்சி இருந்தது, 300 கஜத்தில் இருக்கும் டார்கெட்டில் ஒரு நிமிடத்தில் 15 குண்டு. லீ என்ஃபீல்டு, பத்து தோட்டா மேகசின், ஐந்தைந்தாகக் கிளிப்பில் இறக்குவது. நம்ம போலீஸ்காரர்கள் கையில் நெடுங்காலம் இருந்த திரீ நாட் திரீ அந்தக் குடும்பம்தான். அதில் கெட்டிக்காரர்கள் போல்ட் குமிழைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விடாமல் பிடித்துக்கொண்டு நடுவிரலால் டிரிக்கரை இழுப்பார்களாம். மூடும்போதுதான் அதன் ஸ்ப்ரிங் இறுகும், திறக்க லேசு, அதனால் ஓடும். அது எதிரி வருகிற இடத்துக்கு. உங்களுக்கு எதிரில் காகிதம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

ஆனால் அந்தப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கண் டார்கெட்டை விட்டு வராமல் கை தன் வேலையைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வாத்தியார்கள் இருட்டில் மேகசின் மாற்ற வைப்பார்கள். இன்சாஸ் ராணுவ ரைஃபிள், 20 தோட்டா மேகசின். முன் உதடு முதலில் மாட்டி அப்புறம் பின்னால் அழுத்த வேண்டும், பார்த்துச் செய்தால் இரண்டு முறை தட்டும், பார்க்காமல் பழகியவன் ஒரே தட்டில் மாட்டுவான். நீங்களும் கண்ணை மூடி அந்தப் பெட்டியைத் தொட்டுப் பழகுங்க.

காங்கேயத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பெட்டி விஷயம் சுரீர் என்று பட்டது, என் பெட்டி நிஜமாகவே பாய்க்கு வெளியே முன்னால் இருக்கிறது. அக்கா, வீட்டில் ஏர் ரைஃபிளை வைத்து இதைச் செய்தால் பயன் இருக்குமா? லீவரும் போல்ட்டும் வேறு வேறு ஆச்சே.

சிறுவாணித்தண்ணி:
லீவர் வேறு, போல்ட் வேறு, உண்மைதான். ஆனால் நீங்கள் பழக வேண்டியது அவை இரண்டும் இல்லை. வலது கை கிரிப்பை விட்டுப் போய், வேலையை முடித்து, திரும்பக் கிரிப்பில் அதே மாதிரி வந்து உட்கார வேண்டும், அந்த நேரம் முழுக்க உடம்பின் இடது பக்கம் கம்முனு கிடக்க வேண்டும். அதற்கு எந்த ரைஃபிளும் போதும்.

முதலில் பாதுகாப்பு. ரைஃபிளைக் கையில் எடுத்ததும் லீவரைத் திறந்து உள்ளே பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்க, பிறகு விரலாலும். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, வேறு அறையில், பூட்டி. கதவுப் பக்கம் பார்த்துப் பிடிக்கக் கூடாது, வெளிச்சுவர் பக்கம்தான். பிள்ளைகள் உள்ளே ஓடிவருகிற நேரம் என்றால் அன்றைக்கு வேண்டாம். முடித்ததும், உள்ளே குண்டு இல்லை என்று காட்டுகிற ஆரஞ்சு நிற சேஃப்டி ஃப்ளாக்கை மாட்டிவிடுங்க. ரேஞ்சில் கட்டாயம் என்பதால் மாட்டுகிறோம், வீட்டிலும் கைக்கு அந்தப் பழக்கம் இருக்கட்டும்.

மேட்ச் ரைஃபிள் என்பதால் டிரை ஃபயர் வசதி இருக்கும், காற்று வீணாகாமல் டிரிக்கர் மட்டும் விழும். ஐந்து மீட்டர் இடம் இருந்தால் டார்கெட்டைப் பாதியாக்கி அச்செடுங்க. 10 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர், ஐந்து மீட்டருக்கு 15.25 என்று வரும், சைட்டில் அதே அளவாகத் தெரியும். இடமே இல்லையென்றால் வெறுஞ்சுவர். நான் வெறுஞ்சுவரைத்தான் விரும்புவேன், வட்டம் இல்லாததால் முன் சைட் என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கலாம்.

பாயில் படுங்க, ஸ்லிங் மாட்டுங்க, பெட்டியை முழங்கை எட்டும் இடத்தில் வையுங்க. பெட்டியில் தோட்டாவுக்குப் பதிலாக ஏதாவது சின்னத் துண்டு, நான் பழைய பால்பாயின்ட் பேனாவின் உடலை ஒரு அங்குலத்துக்கு அறுத்து வைத்திருந்தேன், பாயின்ட் டூ டூ தோட்டாவின் நீளம் கிட்டத்தட்ட அதுதான். அதை எடுத்து, ரைஃபிளின் லோடிங் இடம் வரை கொண்டுபோய், உள்ளே போடாமல், பக்கத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கையைக் கிரிப்புக்குக் கொண்டுவாங்க. கன்னம் வைத்து, கண் மூடி, மூச்சு, கண் திறந்து பார்த்து, அப்புறம்தான் டிரிக்கர். சுடுவது இதில் கடைசிச் சின்ன வேலை. கண் சைட்டிலேயே இருக்கட்டும், சென்னிமலையில் தறியில் உட்காருகிறவர் நாடாவைப் பார்த்துக்கொண்டா நெய்கிறார்?

அரை மணி நேரத்துக்கு மேல் செய்யாதீங்க. களைத்த பிறகு செய்தால் களைத்த கையின் பழக்கம்தான் உடம்பில் ஏறும்.

பெருந்துறை_செந்தில்:
குறுக்கே வருகிறேன் மன்னிச்சுக்கோங்க. என்னிடம் இருப்பது மடக்கி லோட் செய்கிற ஸ்ப்ரிங் ஏர் கன். இந்த டிரை ஃபயர் அதிலும் செய்யலாமா?

நொய்யல்கரை:
வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரிங் கன்னில் பெல்லட் இல்லாமல் டிரிக்கரை இழுத்தால் பிஸ்டன் போய் முன்னால் இடிக்கும், அதைத் தடுக்கிற காற்று மெத்தை பெல்லட் இருந்தால்தான் கிடைக்கும். சீல் போகும், ஸ்ப்ரிங் போகும். அதிலேயும் மடக்கிய நிலையில் பெல்லட் போடும்போது குழலை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். டிரிக்கர் தவறி விழுந்தால் குழல் சாட்டை மாதிரி மேலே வரும், கட்டைவிரல் உள்ளே இருந்தால் அவ்வளவுதான். அந்த வகைத் துப்பாக்கிக்கு லோடிங் பழக்கம் என்றால் முதலில் அந்த இரண்டாவது கைதான். பிடியும் வேறு, இறுக்கிப் பிடித்தால் எகிறும், லேசாகத் தாங்கி விட வேண்டும்.

பட்டாளத்தார்:
பாயின்ட் டூ டூவும் கவனம். ரிம் ஃபயர் என்பதால் ஃபயரிங் பின் தோட்டாவின் விளிம்பில் அடிக்கும், தோட்டா இல்லாவிட்டால் சில ரைஃபிள்களில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் குழி, அதன் விளிம்பிலேயே அடித்து வடு விழும். கிளப் ரைஃபிளில் கோச்சைக் கேட்காமல் வெறும் டிரிக்கர் இழுக்காதே. ஹார்டுவேர் கடை பிளாஸ்டிக் ரால்பிளக்கை உள்ளே போட்டு இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு பொருந்தாமல் உள்ளே மாட்டிக்கொண்டால் துடைப்புக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கும், அது வம்பு. அதற்கென்றே செய்த டம்மி தோட்டா கிடைக்கும், அதை வாங்கு.

தென்னந்தோப்பு:
எல்லாம் சரிங்க, எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. உடுமலைப் பக்கம் தோப்பு, மயில் தொல்லை தாங்கல. தக்காளி நாற்று வைத்தால் ஒரு வாரத்தில் காலி. இந்த ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே, ஒன்று வாங்கிப் பழகினால் மயிலை விரட்ட ஆகுமா?

சிறுவாணித்தண்ணி:
ஆகாதுங்க அண்ணா. 2016 ஆயுத விதிகள்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அது வாங்கி வைத்துக் காகிதத்தைச் சுடுவதற்கு. மயில் 1972 வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணை. அதைச் சுட்டால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. விரட்டத்தான் சுட்டேன் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், துப்பாக்கியும் போகும். காட்டுப்பன்றிக்கும் அப்படித்தான், சுடுகிற வேலை வனத்துறையுடையது, தோப்புக்காரருடையது இல்லை. வலை, சேலை, ஒலி, நாய், இதெல்லாம்தான் நமக்கு. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்க.

தென்னந்தோப்பு:
சேலை கட்டி அது மேலேயே உக்காருது சாமி. சரி, விட்டுத்தள்ளுங்க. நீங்க உங்க விஷயத்தைப் பேசுங்க.

ஈரோட்டம்மணி:
அக்கா, நான் கல்லூரியில் என்.சி.சி.யில் டீலக்ஸ் ரைஃபிளில் 25 கஜத்தில் சுட்டிருக்கிறேன். இப்போது கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள், நின்றுகொண்டு. என்.சி.சி.யில் எல்லாமே ஆர்டர் கொடுத்து நடக்கும், பர், காலி கர் (லோட் செய், காலி செய்) என்று இந்தியில். இங்கே எல்லாம் நானே செய்ய வேண்டும், பெல்லட் போடுகிற நேரத்தில் கால் மாறிப்போகிறது. ப்ரோனுக்குச் சொன்னதே இதற்கும் ஆகுமா?

சிறுவாணித்தண்ணி:
அடிப்படை அதேதான் அம்மணி, ஆனால் ஸ்டாண்டிங்கில் முழங்கைக்குப் பதில் பாதம். இரண்டு பாதமும் செட்டான பிறகு 60 ஷாட்டும் முடியும் வரை தூக்கக் கூடாது என்று வைத்துக்கொள். நடுவில் உட்கார்ந்தாய் என்றால் திரும்பி வந்து முதலிலிருந்து செட் ஆக வேண்டும், சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவதெல்லாம் பயிற்சியில் செய்யலாம்.

பெல்லட் டப்பாதான் இங்கேயும் வில்லன். மேசையில் இடது ஓரத்தில் வைத்துக்கொண்டு வலது கையால் குறுக்கே எட்டி எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன், இடுப்பு திரும்பாமல் எப்படி இருக்கும்? ரைஃபிளின் முன்பகுதியை ஸ்டாண்டில் தாங்கவிட்டு, குழல் டார்கெட் பக்கமே பார்க்க, வலது கையால் லீவரைத் திற, வலது கைக்கு நேர் கீழே இருக்கிற டப்பாவிலிருந்து ஒன்றை எடு. அதற்காகவே ஐந்தாறு பெல்லட்டை மூடியில் பரப்பி வைத்துக்கொள். டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவினால் பாவாடை நசுங்கும். பெல்லட்டின் பின்பக்க விளிம்பைச் சொல்கிறேன், அது மெல்லிய ஈயம், கொஞ்சம் நசுங்கினாலும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். பத்தின் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், அதில் நசுங்கிய பெல்லட்டையும் சுமக்க வேண்டாமே. விரலில் ஈயம் ஒட்டும், சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதே. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோட் செய்கிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே.

75 நிமிடம், 60 ஷாட். நேரம் இருக்கிறது. பெல்லட் போட்டதும் உடனே தூக்காமல், ஸ்டாண்டிலேயே ஒரு மூச்சு நின்று பார், கால் சரி, இடுப்பு சரி, அப்புறம் தூக்கு. தூக்கிப் பிடித்துச் சரியில்லை என்றால் இறக்கு. இறக்கத் தெரியாதவர்தான் ஏழு, எட்டு வாங்குவார்கள்.

நாமக்கல்_கோழிப்பண்ணை:
என் பையனுக்கு 13 வயது, இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடு என்கிறான். சேர்க்கலாமா? வீட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

நொய்யல்கரை:
12 வயது முடிந்தால் கோச் மேற்பார்வையில் பயிற்சிக்கு அனுமதி உண்டு, லைசென்ஸ் சொந்தமாக எடுக்க 21. ஏர் ரைஃபிளில்தான் தொடங்க வேண்டும். உடனே வாங்காதீங்க. கிளப் ரைஃபிளில் சில மாதம் போகட்டும், கை நீளம் எல்லாம் இன்னும் வளரும். பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் எனக்குத் தெரிந்தவர் தலையில் கட்டினார், கடை பெயர் வேண்டாம், காற்றுச் சிலிண்டர் காலாவதியானது. 200 பார் அழுத்தம் ஏற்றுகிற சாமான், அதன் மேலே பொறித்திருக்கிற தேதியைப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது.

பட்டாளத்தார்:
பையன் கேட்கிற காரணத்தையும் கேளுங்க. விளையாட்டுத் துப்பாக்கி கேம் பார்த்து வந்தவன் என்றால் ஒரு மணி நேரம் வெறுஞ்சுவரைப் பார்த்துப் படுத்திருக்கச் சொல்லுங்க. அதன் பிறகும் மறுநாள் வந்தால் சேர்த்துவிடுங்க.

கரூர்_நெசவு:
இந்த ஷூட்டிங் ஜாக்கெட் விலையைப் பார்த்து மயக்கம் வருகிறது. கேன்வாஸ் எங்கள் ஊரில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, தைக்கத் தெரிந்தவர் தெருவுக்கு நாலு பேர். தைத்துக்கொண்டால் ஏற்றுக்கொள்வார்களா?

சிறுவாணித்தண்ணி:
ஏற்றுக்கொள்வார்கள், அளவு சரியாக இருந்தால். ஒற்றைத் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். கீழே கையை முஷ்டி மடக்கித் தொங்கவிட்டால் முஷ்டியின் அடிக்கு மேலேதான் ஜாக்கெட் முடிய வேண்டும். ஊரில் தைத்தவர்கள் சிலர் பலமாக இருக்கட்டும் என்று இரண்டு கேன்வாஸ் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்குப் புதிதில் நன்றாக விறைப்பாக இருந்து, வியர்வையில் நனைந்து நனைந்து ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடும். ஆனாலும் தொடக்கத்துக்குப் போதும். தைத்தால் இங்கே படம் போடுங்க, நானும் ஒன்று தைக்கச் சொல்லணும்.

காங்கேயத்தான்:
ரேஞ்சுக்குப் போய் வந்துவிட்டேன். பெட்டியை மரக்கட்டை மேல் வைத்து, முழங்கைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். பின்கட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே எட்டுகிறது, என் கை நீளம்தான் போல. கண் மூடும் சோதனையில் ஒன்று தெரிந்தது, தோட்டா எடுக்கும்போது கலையவில்லை, போல்ட்டைத் திறக்கும்போதுதான் கலைகிறது. அந்த ரைஃபிளின் போல்ட் இறுக்கம், திறக்கும்போது ரைஃபிளையே வலது பக்கம் சாய்த்து இழுக்கிறேன். கோச் பார்த்துவிட்டு "அட" என்றார். ஒரு வார்த்தையாகக் குறைந்துவிட்டது. குரூப் நகர்வது பாதிக்கு மேல் நின்றிருக்கிறது. இப்போது எனக்கு இருப்பது, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் சுட்டால் இன்னும் இடது வலதாகப் பரவுகிறது.

நொய்யல்கரை:
அது நீங்கள் இல்லை, ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது, பல்லடம், உடுமலையில் காற்றாலைகளை எதற்கு வரிசையாக நட்டிருக்கிறார்கள்? காலையில் பரவாயில்லை, மதியம் கிளம்பிவிடும். 50 மீட்டரில் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர், பாயின்ட் டூ டூ குண்டு மெதுவானது, கொஞ்சக் காற்றுக்கே பத்திலிருந்து ஒன்பதுக்கு நகரும். கொடியைப் பாருங்க. கொடி எந்த நிலையில் இருந்தபோது சைட் போட்டீர்களோ அதே நிலை திரும்பும்போது மட்டும் சுடுங்க. லோட் செய்து காத்திருக்கிற பழக்கம் அதற்குத்தான் உதவும். பொசிஷன் கலையாமல் அரை நிமிடம் கிடக்க முடிந்தால் காற்று தானே வழிவிடும்.

பட்டாளத்தார்:
போல்ட் இறுக்கம் என்றால் முதலில் துடைத்திருக்கிறார்களா பார். பாயின்ட் டூ டூ குண்டில் மெழுகு பூசியிருக்கும், நம்ம செம்மண் தூசி அதில் ஒட்டிக்கொண்டு சேம்பரில் போய் அப்பும். மே மாதம் கரூர் பரமத்தி வெயிலில் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டால் மெழுகு உருகி இன்னும் மோசம். துடைத்த பிறகும் இறுக்கமாக இருந்தால் குமிழை விரல் நுனியால் தூக்காமல் உள்ளங்கை ஓரத்தால் நேர் மேலே தூக்கி அப்புறம் பின்னால் இழு, இரண்டும் தனித்தனி வேலையாக. ஒரே இழுப்பில் மேலேயும் பின்னேயும் போனால்தான் ரைஃபிள் சாய்கிறது.

ஈரோட்டம்மணி:
நம்ம சுவப்னில் குசாலே 2024 பாரிஸில் 451.4 எடுத்து வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று பொசிஷன் (முட்டி போட்டு, படுத்து, நின்று சுடுவது) ஃபைனலை நேற்று மறுபடி பார்த்தேன். இந்த இழைக்கு அப்புறம் அவர் சுடுவதைப் பார்க்கவே தோன்றவில்லை, வலது கை எங்கே போய் எங்கே வருகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுவாணித்தண்ணி:
அப்படியே பாரு. முட்டி போடுகிற நீலிங்கிலிருந்து ப்ரோனுக்கு மாறும்போது பெட்டியின் உயரத்தையும் மாற்றுவார்கள், அதையும் கவனி, பாயின்ட் டூ டூவுக்கு வரும்போது உனக்கு முதலில் தடுக்கப்போவது அதுதான். காங்கேயத்தம்பி, துடைத்துப் பார்த்துவிட்டு போல்ட் என்ன ஆச்சு என்று எழுதுங்க. இன்னும் இறுக்கமாக இருந்தால் கிளப்பில் வேறு ரைஃபிள் கேளுங்க, வெட்கப்பட வேண்டாம்.